பெரியவர் எந்திரிக்க மாட்டேங்காரு

12.6.1988

இன்றும் தள்ளினேன். ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் நேரம். ஜெயா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினாள். மறுபடி 'டிக்'.

"பெரியவர் எந்திரிக்க மாட்டேங்காரு. எறங்குங்க" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். பாஸ்டரும் அங்கியைச் சுருட்டிக்கொண்டு வந்து கைவைத்தார். முக்குத் திரும்புவதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சபையே கை தட்டியது.

பெரியவர் என்பது கார். என் மாமனாருடைய 64ஆம் வருடத்து அம்பாசிடர். அவர் லாரி வைத்திருந்தவர். ஒரே மகளுக்குப் பதினெட்டு வயதிலேயே ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டார். கல்யாணமான புதிதில் எனக்கும் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். நான் பருத்தி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியில் கொண்டுபோய் முட்டினேன். அத்தோடு சரி. அவர் போன பிறகு கார் எங்களிடம் வந்தது. ஜெயாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வேலை. எந்த நேரத்துக்குப் போவாள், எந்த நேரத்துக்கு வருவாள் என்று சொல்ல முடியாது. நான் இங்கே ராஜபாளையத்தில் மில் ஸ்டோர் கீப்பர். அதனால் அவள் ஓட்டுகிறாள், நான் தள்ளுகிறேன்.

தெருவில் சிரிக்கிறார்கள்தான். சிரிக்கட்டும். அவள் கழுத்தை நிமிர்த்தி ஓட்டிப் போவதைப் பின்னால் நின்று பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. இதை அவளிடம் சொன்னதில்லை.

15.6.1988

எலக்ட்ரீசியன் காளிராஜ் வந்து ஸ்டார்ட்டரைக் கழற்றிக்கொண்டு போனான். சாயங்காலம் ஷெட்டுக்குப் போனேன். "பாருங்க அண்ணாச்சி, கார்பன் பிரஷ்ஷு தேஞ்சு வேப்பங்கொட்டை கணக்கா ஆயிருச்சு. இது பாவம் என்ன செய்யும்?" என்றான். புது பிரஷ் போட்டான். பாட்டரியையும் சார்ஜில் போட்டுக் கொண்டுவந்து மாட்டினான். சாவியைத் தொட்டதும் எழுந்துவிட்டது. ஜெயா வாசலில் நின்று, "அப்பா எந்திரிச்சிட்டாரு" என்றாள். சொன்ன பிறகு முந்தானையை எடுத்து பானெட்டைத் துடைத்தாள்.

2.7.1988

டிக்.

5.7.1988

காளிராஜ் இந்தத் தடவை சொலினாய்டு என்றான். சாவிக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவில் இருக்கும் டப்பா அது. உள்ளே கருகியிருந்தது. புதிது போட்டாயிற்று. பாட்டரிக்கும் சார்ஜ். காலையில் ஜம்மென்று கிளம்பிப் போனாள்.

எதிர்வீட்டு ராஜு வீட்டம்மா, "ஏமி, இன்னைக்குத் தள்ளு இல்லையா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு ஏமாற்றம்.

31.7.1988

இதற்கு ஒரு முறை இருக்கிறதா? சரி செய்தால் பத்துப் பதினைந்து நாள் நன்றாக இருக்கிறது. பிறகு ஒரு நாள் சோம்பலாகச் சுற்றுகிறது. மறுநாள் 'டிக்'. போன மாசியில் வேறு ஷெட்டில் எஞ்சினை இறக்கி வேலை பார்த்து ஏற்றினோம். எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. கிளப்பத்தான் முடியவில்லை. முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றலாம் என்றால் மாட்டும் இடம் தேய்ந்து வழுக்குகிறது.

காளிராஜ் காயிலைப் புதிதாகச் சுற்றினான். ஸ்டார்ட்டரை மேசையில் வைத்துக் கரண்டு கொடுத்துக் காட்டினான். பம்பரமாகச் சுற்றியது. "மேசையில சுத்துது, கார்ல சுத்தலைன்னா நான் எங்க போய் முட்ட?" என்றான். கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவனுக்கு என்னைப் பார்த்து அப்படி.

14.8.1988

மானம் போயிற்று. ஆனால் சிரிப்பாகவும் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்று ஆடிப்பூரத் தேர். டூட்டி முடிந்த ஜெயாவோடு திரும்பிக்கொண்டிருந்தேன். சுற்றுவழியில் போகலாம் என்று திரும்பிய சந்திலும் கூட்டம். வண்டி அணைந்துவிட்டது. டிக், டிக், டிக். முன்னும் பின்னும் சனம். வேர்த்துக் கொட்டுகிறது. அப்போது வடம் பிடித்துவிட்டு மேலெல்லாம் சந்தனமும் வேர்வையுமாக ஒரு கூட்டம் வந்தது. "ஏலே, இங்க ஒரு தேரு நிக்குலே!" என்று ஒருவன் கத்தினான். இருபது கை விழுந்தது. அவ்வளவு பெரிய தேரை இழுத்த கைகள்! என்னை ஒதுக்கிவிட்டுக் காரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நான் பின்னால் ஓடினேன். "கோவிந்தா!" வேறு. ஜெயா முகம் ஜன்னலில் சிவந்து தெரிந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

வீடு வந்து சேர்ந்து சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்தாள். மூச்சுப் பிடிக்கிற மாதிரி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று.

28.8.1988

இதை எழுதலாமா? இந்த டைரியை அவள் எடுத்துப் படிப்பதில்லை. எழுதுகிறேன்.

வலது அடிவயிற்றுக்குக் கீழே எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம். தள்ளும்போது வெளியே வருகிறது. படுத்தால் உள்ளே போய்விடுகிறது. வலி பெரிதாக இல்லை. குடலிறக்கம் என்று எனக்கே தெரிகிறது. மில்லில் மூட்டை தூக்குகிற இரண்டு பேருக்கு இருந்தது.

வீட்டில் நர்ஸை வைத்துக்கொண்டு ஏன் சொல்லவில்லை? சொன்னால் மறுநாளே காரை விற்றுவிடுவாள். அவளிடம் அப்பாவென்று மிச்சம் இருப்பது அந்தக் கார் ஒன்றுதான். பிள்ளையும் இல்லாமல் போயிற்று. மழையில் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பாள். வேண்டாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

18.9.1988

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் எங்கெல்லாம் சரிவு இருக்கிறது என்று இப்போது ஜெயாவுக்கு மனப்பாடம். கண்மாய்க் கரை, ரைஸ் மில் வாசல், ஆஸ்பத்திரியின் பின்கேட். அங்கேதான் நிறுத்துகிறாள். கடைக்குப் போனால் எஞ்சினை அணைப்பதே இல்லை. கத்திரிக்காய் பேரம் பேசும்போதும் ஒரு காது காரிடம்தான் இருக்கிறது.

என்னைத் தள்ளவிடக் கூடாது என்றுதான் இவ்வளவும் செய்கிறாள் என்று இன்று தோன்றியது. "நீங்க இப்பல்லாம் தள்ளிட்டு வந்து ஏன் வாசப்படியில செத்த நேரம் குத்தவச்சிருக்கீக?" என்று கேட்டாள். வயசாகுதுல்லா என்றேன். பார்த்தாள். நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

16.10.1988

காளிராஜ் யோசனைப்படி புது பாட்டரி. கும்மென்று எழுகிறார் பெரியவர். மழையும் ஆரம்பித்துவிட்டது. மலை முழுக்க மேகம்.

11.11.1988

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி. ஆண்கள் வார்டு. தையல் போட்ட இடம் இழுக்கிறது. எழுத முடிகிறது என்பதே பெரிது. நடந்ததை நினைவு இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் கருத்தம்மாளின் புருஷன் சைக்கிளில் நனைந்து வந்து நின்றார். கருத்தம்மாள் ஜெயாவின் வார்டில் ஆயா. செண்பகத்தோப்புப் பக்கம் வீடு. மகள் மாடத்திக்கு வலி எடுத்து, பிள்ளை தலை திரும்பாமல் கிடக்கிறது என்றார். ஆஸ்பத்திரி வேன் வேறு ஊருக்குப் போயிருந்ததாம். அந்த மழையில் வேறு வண்டி ஏது? ஜெயா புடவையைச் சொருகிக்கொண்டு சாவியை எடுத்தாள். கார் முதல் தடவையிலேயே எழுந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

போய்ச் சேர்ந்து எஞ்சினை அணைக்காமலே மாடத்தியைப் பின்சீட்டில் ஏற்றினோம். தலைமாட்டில் கருத்தம்மாள். திரும்பும்போது ஓடை. வரும்போது கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. மெதுவாக இறங்கி ஏறிவிட்டோம். ஏறிய இடத்தில் இருமி அணைந்தது.

டிக்.

மாடத்தி அலறுகிறாள். ஜெயா என்னைப் பார்க்கவே இல்லை. சாவியை மட்டும் திருப்பிக்கொண்டே இருந்தாள். டிக். டிக். எறங்குங்க என்று அவள் சொல்லவில்லை. நானே இறங்கினேன். கருத்தம்மாளும் இறங்கினாள். சேறு. கால் வழுக்குகிறது. ஒரு தடவை உதறிவிட்டு அணைந்தது. இரண்டாம் தடவை நான் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். உள்ளே ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை.

வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. திறந்தால் கத்திவிடுவேன். மாடத்தியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்வரை நின்றேன். பிறகு வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாந்தி எடுத்தேன். அப்புறம் விளக்கு, ஊசி, யாரோ என் வேட்டியை வெட்டுகிறார்கள்.

குடல் வெளியே வந்து முறுக்கிக்கொண்டதாம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அழுகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். பக்கத்துப் பக்கத்து அறையில் மாடத்திக்கும் எனக்கும் ஆபரேஷன். அவளுக்கு ஆண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

கண் விழித்தபோது ஜெயா யூனிபாரத்தில் நின்றாள். மற்ற நோயாளிகளுக்குப் பார்ப்பது போலவே நாடி பார்த்தாள். டிரிப்பைச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்:

"எம்புட்டு நாளா இருக்கு?"

"ஆவணியில இருந்து."

"ஒரு நர்ஸுக்குப் புருஷன் நீங்க. ஒரே கட்டில்ல படுக்கோம். எங்கிட்ட மறைச்சிருக்கீக."

நான் டிரிப் பாட்டிலைப் பார்த்தேன்.

"எங்கப்பா காரு ஓடணும்னு நீங்க சாகப் பாத்தீகளா?" என்றாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் அழவில்லை. ஸ்கிரீனை இழுத்து மறைத்துவிட்டு என் காலடியில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் அழுதாள்.

20.11.1988

வீட்டுக்கு வந்தாயிற்று. குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, தள்ளவே கூடாது.

காரை விலை பேசிவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பால்ச்சாமி. இரும்புக்கு! ஓட்டுவதற்கு விற்கக் கூடாதா என்று கேட்டேன். "இன்னொரு வீட்டு ஆம்பள தள்ளணுமா?" என்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் ஒன்றும் தொடவில்லை. நானும்.

8.12.1988

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும். கை பரபரக்கிறது.

இன்று காரைக் கொண்டுபோய் ஒப்படைப்பது என்று பேச்சு. நானும் வருவேன் என்றேன். "அங்கன வந்து என்ன செய்யப் போறீக?" என்றாள். "வழியனுப்ப வேண்டாமா?" என்றேன். சரி என்று முன்சீட்டில் தலையணை வைத்து என்னை உட்காரவைத்தாள்.

காரைக் கிளப்பும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பது இந்த ஒரு வருஷத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும். எப்போதும் பின்னால் நிற்பேன், இல்லை இறங்கத் தயாராகக் கதவைத் திறந்து வைத்திருப்பேன். குளிர் எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாக இறங்க டேஷ்போர்டில் சோக்குக் குமிழை இழுத்து வைக்க வேண்டும். அந்தக் குமிழ் தானாக உள்ளே ஓடிவிடும் என்று ஜெயா துணி காயப்போடும் கிளிப்பை மாட்டுவாள். இன்று கிளிப்பைத் தேடினாள். சும்மா இருக்கும் ஆள்தானே என்று நான் குமிழுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டேன்.

சாவியைத் திருப்பினாள். 'ங்... ங்...' என்று ஒரு முனகல். விடாமல் திருப்பினாள். கடைசி நாள் என்ற கோபம் போலிருக்கிறது.

"ஆ!" என்று கையை உதறினேன்.

"என்ன, தையலா? தையல்லயா வலிக்கி?"

"இல்ல, வெரல். சுட்டுருச்சு."

விரலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். நுனி சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. "எதுல பட்டுச்சு?"

"சோக்குக் கம்பியில."

"சோக்கு எப்படிச் சுடும்? எஞ்சினே ஓடலையே."

அவளும் கம்பியைத் தொட்டாள். வெடுக்கென்று கையை எடுத்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிரசவ வார்டில் ஏதோ சரியில்லை என்று தெரியும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அது வெறும் இழுக்கிற கம்பி. அதுக்குள்ள கரண்டே போகக் கூடாது. போகுதுன்னா, போக வேண்டிய வழி அடைச்சிருக்கு" என்றாள்.

பானெட்டைத் திறந்து, சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நான் பார்த்தேன். சோக்குக் கம்பி கார்பரேட்டரில் சேரும் இடத்தில் நூல் மாதிரி புகை. போன வருஷம் மில்லில் ஒரு மோட்டார் இப்படித்தான் பிடிவாதம் பிடித்தது. எர்த் கம்பி அறுந்திருந்தது. அதற்குப் புதுக் கம்பி நான்தான் ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நானே கொடுத்தேன், ஆனால் இத்தனை மாதம் எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லையே!

காளிராஜுக்குச் சொல்லிவிட்டோம். சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வந்தான். கம்பியைத் தொட்டான், காருக்கு அடியில் படுத்தான்.

"அண்ணாச்சி, எஞ்சினையும் பாடியையும் சேக்கதுக்கு ஒரு செம்புப் பட்டை இருக்கணும். இதுல இல்ல. போல்ட்டு ஓட்டை மட்டும் இருக்கு."

எஞ்சின் ரப்பர் கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாட்டரியிலிருந்து வந்த கரண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போக அந்தப் பட்டைதான் வழி. மாசியில் எஞ்சினை இறக்கி ஏற்றினவர்கள் அதைத் திரும்ப மாட்டவில்லை. கரண்டு பாவம் சோக்குக் கம்பி வழியாகவும், அகப்பட்ட மற்ற கம்பிகள் வழியாகவும் நுழைந்து திரும்பிக்கொண்டிருந்தது. பாட்டரி முழுச் சார்ஜில் இருக்கும்வரை எப்படியோ ஒப்பேற்றியிருக்கிறது. பாட்டரிக்குச் சரியாகச் சார்ஜும் ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் காளிராஜ் பாட்டரியைச் சார்ஜ் போட்டுக் கொடுத்தான், அதனால் ஓடியது. பிரஷ்ஷால் ஓடியது, காயிலால் ஓடியது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

கனத்த கேபிள் ஒன்றை எஞ்சினிலிருந்து பாடிக்குப் போட்டு இறுக்கினான். "மதினி, போடுங்க."

ஜெயா சாவியைத் தொட்டாள்.

என்ன சத்தம் அது! இந்தக் காருக்கு அப்படி ஒரு குரல் இருந்ததே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. தெருவே அதிர எழுந்தது. அணைத்தாள். மறுபடி போட்டாள். எழுந்தது. அணைத்தாள், போட்டாள். ஐந்தாறு தடவை. பிறகு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

காளிராஜ் தலையில் கைவைத்து மண்ணில் உட்கார்ந்திருந்தான். "மோட்டாரைப் பாத்தேன், பாட்டரியைப் பாத்தேன். திரும்பி வார வழியைப் பாக்கலையே அண்ணாச்சி. நான் பாத்திருந்தா ஒங்களுக்கு வயித்தைக் கிழிச்சிருக்க வேண்டாமே." அவனைச் சமாதானப்படுத்திக் காப்பி குடிக்க வைப்பது பெரும்பாடாகிவிட்டது.

ஆனால் கொடுத்த வாக்கு? ஜெயா வாக்கு மாறுகிறவள் இல்லை. "பேசினது பேசினதுதான்" என்று அதே காரில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டினாள். பால்ச்சாமி கடை வாசலில் உடைந்த சைக்கிள்களும் பம்புசெட்டுகளும் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். சாவியை நீட்டினாள்.

பால்ச்சாமி பெரிய உருவம். காரைச் சுற்றி வந்தார். "ஓடாத வண்டின்னுல்ல சொன்னீக?"

"காலையில வரைக்கும் ஓடல. இப்ப ஓடுது" என்றாள். நடந்ததை நான் சொன்னேன். தையலைக்கூடக் காட்டப் போனேன், ஜெயா தடுத்தாள்.

அவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எழுந்தது. அணைத்துவிட்டு இறங்கினார். "நான் செத்ததை வாங்கி அறுக்கவன், சிஸ்டர். மூச்சு இருக்கதைக் கொண்டாந்து போட்டா ஆகாது. எடுத்துட்டுப் போங்க."

"வாக்குக் குடுத்துட்டேன்."

"நானும் ஓடாத வண்டியத்தான் வாங்குதேன்னு வாக்குக் குடுத்தேன். இது வேற வண்டி" என்றார். சாவியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கடைக்குள்ளிருந்து, "அந்தப் பம்புசெட்டுல இடிக்காம பாத்துத் திருப்புங்க!" என்று மட்டும் சத்தம் வந்தது.

19.12.1988

புதுச் செம்புப் பட்டை மாட்டியாயிற்று. ஸ்டார்ட்டரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எழுத ஒன்றும் இல்லை என்று எழுதுவதில் எவ்வளவு சந்தோஷம்.

7.1.1989

"இனிமே ஒடம்புக்கு எதுன்னாலும் மொதல்ல எங்கிட்டத்தான் சொல்லணும்" என்று சத்தியம் கேட்டாள். செய்தேன். நீயும் செய் என்றேன். யோசித்தாள். ஒரு மாதமாக இடது முட்டி வலிக்கிறது என்றாள். கிளச்சை மிதித்து மிதித்து.

பார்த்தாயா! எத்தனை நாளாக மறைத்திருக்கிறாள்!

26.2.1989

கண்மாய்க்கரை மைதானம். மாட்டுவண்டி எதுவும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. முதல் கியர் போட்டேன். ஜெயா பக்கத்தில் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

4.10.1992

வெள்ளிக்கிழமையும் நேற்றும் அடுத்தடுத்து அவளுக்கு டூட்டி. மூன்று இரட்டைப் பிரசவமாம். இன்று காலை ஆஸ்பத்திரி வாசலில் போய் ஏற்றிக்கொண்டேன். கதவைச் சாத்தியதும், "பையப் போங்க" என்றாள். வழக்கமாக அதன் பிறகு "லாரி வருது", "ஆரன் அடிங்க" என்று ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டே வருவாள். இன்று சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தால் தலையைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

ராஜபாளையம் வந்தது. எங்கள் தெருமுனை வந்தது. தெருவில் குண்டும் குழியும். ராஜு வீட்டம்மா சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். எழுப்ப மனம் வரவில்லை. அப்படியே நேராகப் போய்ச் சோழபுரம் பக்கம் திரும்பினேன். வயல் ஓரமாக ஒரு புளியமரத்தடி. நிழல் நன்றாக விழுந்திருந்தது. சமதரைதான். நிறுத்தினேன். எஞ்சினையும் அணைத்தேன்.

டேஷ்போர்டில் கிடந்த இந்த டைரியை எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறார்கள். காற்று வருகிறது. இவள் வாய் லேசாகத் திறந்திருக்கிறது.

விழித்துவிட்டாள்.

"எங்க இருக்கோம்?"

"சோழபுரம்."

"இங்க என்ன சோலி?"

"ஒண்ணுமில்ல. நீ தூங்கு."

தூங்கிவிட்டாள்.